மூணாவது முடிச்சு

ஏம்மா, இது சங்கரன்கோவில் பஸ்ஸுதான? சரி சரி. போர்டு பாத்துதான் ஏறுனேன். டிரைவர்ட்டயும் கேட்டேன். கண்டக்டர் டிக்கெட்டு கிழிச்சுக் குடுத்துட்டாரு, அதுலயும் சங்கரன்கோவில்னுதான் இருக்கு. இருந்தாலும் பக்கத்துல இருக்கவங்க வாயால ஒரு வார்த்த கேட்டுட்டா ஒரு நிம்மதி, அதான். கொஞ்சம் தள்ளிக்கோ தாயி, இந்தக் கட்டப்பைய கால்மாட்டுல வச்சுக்கிடுதேன்.

நீ எங்க எறங்கணும்? மானூரா? ஓ, நீயும் சங்கரன்கோவிலா. அப்ப சரிதான், இது சங்கரன்கோவில் பஸ்ஸுதான்.

என் பேரு கோமதி. எங்க ஊர்ல தெருவுக்கு நாலு கோமதி கிடப்போம், சாமி பேருல்லா. ஒனக்குக் கல்யாணம் புதுசா? கழுத்துல மஞ்சக் கயிறு பளிச்சுனு கிடக்கேன்னு கேட்டேன். வேணும்னு பாக்கல, தப்பா நெனைக்காத. அஞ்சு மாசமா எந்தப் பொம்பளையப் பாத்தாலும் என் கண்ணு மொதல்ல கழுத்துக்குத்தான் போகுது. முகமெல்லாம் அப்புறம். ஒனக்கு நாத்தனார் இருக்காளா? மூணு முடிச்சும் அவ சரியாப் போட்டாளா? சரி விடு, நான் கேக்கல. ஒனக்கு அந்தச் சீக்கு வேண்டாம்.

சீக்குன்னுதான் சொல்லணும். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. ஓ.சி.டி. ஒண்ணு, ஏ.டி.எச்.டி. ஒண்ணு. நான் காலேஜ் போனவ இல்ல, ஆனா இப்ப என் பேருக்குப் பின்னால ஏழு எழுத்து இருக்கு. எங்க தெருவுல வக்கீலுக்குக்கூட அம்புட்டு கிடையாது. இத நான் எங்க ஊர்ல ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. வெக்கமா இருக்கும். நீ யாரோ எவரோ, எறங்கிப் போயிருவ, அதனால சொல்லுதேன். நீயும் எங்க ஊருதான்னு இப்பதான சொன்ன? அட, சொன்னேல்லா. சரி, எந்தத் தெரு? வேண்டாம், சொல்லாத. தெரிஞ்ச தெருவா இருந்துட்டா நான் வாய மூடிருவேன்.

என் தம்பி இசக்கிராஜாவுக்கு ஆவணியில கல்யாணம். பொண்ணு பேரு சிந்துஜா, பாளையங்கோட்டையில ஸ்கூல்ல டீச்சர். சின்னப் பிள்ளையிலயே அம்மா தவறிட்டாக, அப்பாதான் வளத்தாரு. நல்ல பிள்ள. நம்ம மொற ஒனக்குத் தெரியும்லா, மாப்பிள்ள மொத முடிச்சப் போட்டுட்டு விலகிக்கிடுவான், மத்த ரெண்டு முடிச்சும் மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி போடணும். இசக்கிக்கு நான் ஒரே அக்கா. ஆக, என் தம்பி குடும்பம் நெலைக்கதுக்கு மூணுல ரெண்டு பங்கு என் கையில.

என் கையில குடுக்கலாமா அத? எங்கம்மா இருந்திருந்தா குடுத்திருக்கமாட்டா. அவளுக்கு நான் கூறுகெட்டவ. கூறுகெட்ட மூதி, அடுப்புல பால வச்சுட்டு வாசல்ல வேடிக்க பாக்கா. கூறுகெட்ட மூதி, அரமூடி தேங்காயத் திருகி அரமூடியத் திருகுபலகையிலயே விட்டுட்டுப் போயிட்டா. எடுத்த காரியத்த முடிச்சதாச் சரித்திரமே இல்லன்னு சாவுற வரைக்கும் சொன்னா. பொய்யும் சொல்லல. இஸ்திரிப் பெட்டிய அணைக்காம எங்க வீட்டுக்காரவுக சட்டையில ஓட்ட போட்டிருக்கேன். குடைய தொலைச்ச கணக்கெல்லாம் கேக்காத.

அதனாலதான் கல்யாணத்துக்கு முந்தி வீட்டுல பழகுனேன். துணி காயப்போடுற கொடியில முடிச்சுப் போட்டேன், ஜன்னல் கம்பியில போட்டேன். ஒரு மத்தியானம் எங்க வீட்டுல அவுக அசந்து தூங்கும்போது கால் பெருவெரல்ல போட்டேன். மூணும் நல்லா இறுக்கமா விழுந்துட்டு, அந்தக் கயித்தோட மறுமுனை கட்டில் கால்ல கட்டிக் கிடந்தது. அவுகளுக்கு எப்படித் தெரியும்? எந்திரிச்சு ஒரு எட்டு வச்சாக, படார்னு விழுந்தாக. கரண்ட் ஆபீஸ்ல வேல, கம்பத்துல ஏறி எறங்குத மனுசன், ஒரு நாளும் விழுந்ததில்ல, கட்டில்லேர்ந்து விழுந்தாக. சிரிக்காத, நான் அன்னைக்கு அழுதேன்.

முகூர்த்தத்தன்னைக்கு என்ன நடந்ததுன்னு சொல்லுதேன், நீயே சொல்லு தப்பு என் மேலயான்னு. தம்பி மொத முடிச்சப் போட்டான். கயித்த எங்கிட்ட விட்டான். நான் ரெண்டாவது போட்டேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. அந்த நேரம் பாத்து சிந்துஜா தலையில ஒரு கொண்ட ஊசி நழுவுது. பூவெல்லாம் சரிஞ்சிருமேன்னு அத உள்ள தள்ளுனேன். தள்ளிட்டு நிமுந்தா குத்துவெளக்குல ஒரு திரி சாஞ்சு எரியிது. அதப் பாத்துட்டுத் திரும்புனா நாயனக்காரர். காதுல கடுக்கன் போட்டிருக்காரு. எங்க சித்தப்பா போட்டிருந்த கடுக்கன் மாதிரியே இருக்கே, சித்தப்பா கடுக்கன் இப்ப யார்ட்ட இருக்கு, சித்திட்டயா, இல்ல அந்த மூத்த மருமக அமுக்கிட்டாளான்னு ஒரு யோசன. அதுக்குள்ள அட்சத சடசடன்னு முதுகுல விழுது, ஐயரு "ஆச்சு ஆச்சு, நகருங்கோ"ங்காரு. என் கை ரெண்டும் கயித்துல இருக்கு. மனசு கடுக்கன்ல கிடக்கு.

மூணாவது முடிச்சு போட்டேனா இல்லயா?

நானா கேட்டுக்கிட்டேன். நேரா பந்திக்குப் போனேன். ஐயரு எலையில உக்காந்துட்டாரு. "சாமி, மூணாவது முடிச்சு நான் போட்டேன்லா?"ன்னேன். "போட்டாச்சும்மா"ன்னாரு. "நீங்க பாத்தீகளா?"ன்னேன். "கெட்டிமேளம் கொட்டியாச்சேம்மா"ன்னாரு. "கெட்டிமேளம் கொட்டுனா முடிச்சு விழுந்துருமா சாமி?" நான் நியாயமாத்தான கேட்டேன்? அவரு பாயசம் வருததுக்கு முன்னாடியே எலைய மடக்கிட்டாரு.

வீடியோ இருக்கேன்னு நீ நெனைப்ப. நானும் நெனச்சேன். ஆளுக்கு முந்தி வீடியோக்காரர் கடைக்குப் போயி உக்காந்து பாத்தேன். சரியா முகூர்த்த நேரத்துல எங்க பெரியப்பா அட்சத போடுறேன்னு குறுக்க வந்து நிக்காரு. அவர் முதுகு, வேர்வையில நனைஞ்ச சட்ட, அதுதான் தெரியிது. அந்த முதுகு விலகும்போது எல்லாம் முடிஞ்சு பிள்ளைக மால மாத்துதுக. திருப்பித் திருப்பிப் போடச் சொன்னேன். கடைசியில வீடியோக்காரர் கரண்டு போயிட்டுன்னாரு. பக்கத்துக் கடையில பேன் ஓடிக்கிட்டுதான் இருந்தது.

அவுக மட்டும் அசையவே இல்ல. "நீ போட்ட கோமதி, நான் எட்டிப் பாத்தேன், கண்ணால பாத்தேன்"ன்னாக. கம்பத்து மேல நிக்கும்போது போன் போட்டாலும் அதே பதில். எனக்கு அப்படியே குளுந்து போயிரும். ஒரு மணி நேரம் தாங்கும். அப்புறம் திரும்ப அரிக்கும், திரும்ப போன். ஒரு நாள் கல்யாண ஆல்பம் வந்தது. முகூர்த்தத்துக்கு எடுத்த போட்டோவுல ஓரத்துல, மேடைக்குக் கீழ, பந்தி வாசல் தெரியிது. அங்க சாம்பார் வாளி பக்கத்துல யாரு நிக்கா? அவுகதான்! மேடைக்கு முதுகக் காட்டிக்கிட்டு! "ஏங்க, கண்ணால பாத்தேன்னீகளே?"ன்னேன். தலையச் சொறிஞ்சாக. "நீ நிம்மதியா இருக்கணும்னு சொன்னேன் தாயி"ன்னாக. அன்னைக்கோட அவுக மேல இருந்த நம்பிக்க போச்சு. வேற யாரு சொன்னாலும் நம்புறதில்லன்னு ஆயிட்டு, ஆனா எல்லார்ட்டயும் கேக்கதும் நிக்கல.

என்ன பயம்ங்கியா? சொல்லுதேன். மூணாவது முடிச்சு விழலன்னு வச்சுக்கோ. நாளப்பின்ன என் தம்பிக்கு ஒண்ணு ஆயிட்டா? அவன் பைக்க எடுத்தா, போய்ச் சேந்துட்டானான்னு நான் இங்கேர்ந்து போன் போட்டுக்கிட்டே இருப்பேன். அவனுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தது, நான் எங்க வீட்டுச் சாமி ரூம்ல தலைய முட்டிக்கிட்டு அழுதேன். கிறுக்குத்தனம்னு எனக்கே தெரியுது. ஆனா ஒண்ணு கேளு, மத்தவுகளுக்கு இந்தச் சந்தேகம் வந்தா வெறும் சந்தேகம். நான் நெசமாவே மறக்குதவ! எதையும் பாதியில விடுதவ! எனக்கு வந்தா அதுல நியாயம் இருக்குல்லா?

ஒனக்கு எரிச்சலா இருக்கா? இல்லயே? நெசமா? சரி.

அப்புறம் நான் வெள்ளிக்கெழம தோறும் பாளையங்கோட்டைக்கு, தம்பி வீட்டுக்குப் போக ஆரம்பிச்சேன். எங்க ஊர் பூ மார்க்கெட்டுல பிச்சிப்பூ வாங்கி, ஈரத்துணியில சுத்தி, இந்தக் கட்டப்பையிலதான் கொண்டு போவேன். "திரும்பு சிந்துஜா, பூ வச்சு விடுதேன்"ம்பேன். அவ ஸ்கூல்லேர்ந்து வந்த அலுப்போட ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு முதுகக் காட்டி உக்காருவா. நான் தலையச் சீவி, பின்னி, பூவ வச்சு, நைசா கழுத்தப் பாப்பேன். பாத்து என்ன? மஞ்சத் தேச்சுக் குளிச்சுக் குளிச்சு முடிச்செல்லாம் ஒண்ணா ஒட்டி சுண்டக்கா மாதிரி இருக்கு. உத்துப் பாத்தா மூணு மாதிரி தெரியும். பஸ் ஏறுன பிறகு ரெண்டுதானோன்னு ஆயிரும். அடுத்த வெள்ளி திரும்பவும் போவேன்.

அவ என்ன நெனச்சா தெரியுமா? ஒரு நாள் சொல்லுதா, "மதினி, எங்கம்மா போனப்பறம் யாரும் எனக்குப் பூ வச்சு விட்டதில்ல. வெள்ளிக்கெழமன்னா காலையிலேர்ந்தே நான் ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்"ங்கா. நான் அப்பயாவது திருந்தணும்லா? அவ சொன்னது என் காதுல விழுந்தது. கண்ணு சுண்டக்காயிலயே கிடந்தது.

அடுத்த வாரம் தாங்கல எனக்கு. பூ வச்சு முடிச்சதும் ஒரு கொண்ட ஊசிய எடுத்து அந்த முடிச்ச லேசாக் கிண்டிப் பாத்தேன். பிரிச்சுப் பாக்கல, தாலிக் கயித்தப் பிரிப்பனா? சும்மா எத்தன வளையம்னு பாக்கத்தான். ஊசி நழுவிக் கழுத்துல குத்திட்டு. "ஆ! என்ன மதினி செய்யுதீங்க?"ன்னு துள்ளி எந்திரிச்சா. கையில ஊசியோட நிக்கேன். என்னத்தச் சொல்ல? எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஐயரு, பெரியப்பா முதுகு, சுண்டக்கா எல்லாம்.

அவ தலையிலேர்ந்து பூவ எடுத்து மேச மேல வச்சா. "அப்ப நீங்க ஒரு நாளும் எனக்காக வரல"ன்னா. உள்ள போயிட்டா.

அதோட நான் வாய மூடிட்டு வந்திருக்கணும். வந்தனா? கதவுகிட்ட நின்னு "சிந்துஜா, கோவமா?"ன்னேன். "இல்ல மதினி"ன்னா. "நெசமா இல்லயா?" "இல்ல." பஸ்ஸுலேர்ந்து போன், "மனசுல ஒண்ணும் வச்சுக்கலல்லா?" வீட்டுக்கு வந்து மெசேஜ், "இல்லன்னு சும்மாதான சொன்ன?" அவ பதில் போடல. பதில் போடலயேன்னு தம்பிக்குப் போன். கோவமே இல்லாத பிள்ளைக்கும் கோவத்த வர வச்சுட்டேன். அந்த வெள்ளிக்கெழமையோட பாளையங்கோட்ட நின்னு போச்சு. தம்பி மட்டும் பேசுவான். பின்னால அவ கொரல் கேக்கும், போன வாங்கமாட்டா. எனக்குச் சோறு எறங்கல. மொதல்ல தம்பி உசுரப் பத்திப் பயந்தேன், இப்ப அந்த வீடே எனக்கு இல்லன்னு ஆயிருமோன்னு பயம். அம்மா இல்ல அப்பா இல்ல, எனக்குப் பொறந்த வீடுன்னா அது ஒண்ணுதான்.

அவுகதான் கூட்டிட்டுப் போனாக டாக்டரம்மாட்ட. மொத தடவ போனா கிளினிக் பூட்டிக் கிடக்கு. நான் தேதிய மாத்திச் சொல்லிட்டேன். ரெண்டாந்தடவ சரியான நாளுக்குப் போயி, அங்க இருந்த பிள்ளைட்ட "இன்னைக்குத்தான?"ன்னு கேட்டுக் கேட்டு, அது எழுந்து போயி காலண்டரக் கொண்டாந்து என் மடியிலயே வச்சுட்டு.

டாக்டரம்மா நெறைய நேரம் கேட்டாங்க. பால் பொங்குனது, குடை தொலைஞ்சது எல்லாத்தையும் கேட்டாங்க. கேட்டுட்டு சொன்னாங்க, "கோமதி, ஒங்களுக்குள்ள ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தி வீட்டத் தொறந்து போட்டுட்டுப் போறவ. இன்னொருத்தி பூட்டுன பூட்ட ஆட்டிக்கிட்டே நிக்கிறவ. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல குடியிருந்தா எப்படி? இது சீக்கு. கூறுகெட்டதனம் இல்ல"ன்னாங்க. நான் ஓன்னு அழுதுட்டேன் தாயி. நாப்பத்திரெண்டு வயசு. இந்த வார்த்தைய ஒருத்தர் சொல்லிக் கேக்கணும்னு நான் பொறந்ததுலேர்ந்து காத்துக் கிடந்திருக்கேன், எனக்கே தெரியாம. கண்ணத் தொடச்சுட்டு "நெசமாத்தான் சொல்லுதீங்களா டாக்டர்?"ன்னேன். "ஆமா"ன்னாங்க. "ஆறுதலுக்குச் சொல்லலயே?"ன்னேன். "இதுக்கு மேல நான் பதில் சொல்லமாட்டேன்"ன்னு சிரிச்சாங்க. வைத்தியம் அங்கயே ஆரம்பிச்சுட்டு.

மாத்திர ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கேள்வி வந்தா கேக்கப்புடாது. அரிக்கும். அரிக்கட்டும். சொறியப்புடாது. சொறிய சொறிய சொகமா இருக்கும், புண்ணு பெருசாகும். மீறிக் கேட்டுட்டா வீட்டுல யாரும் "போட்ட"ன்னும் சொல்லப்புடாது, "போடல"ன்னும் சொல்லப்புடாது. "போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம்"னு சொல்லணும். அவுகளக் கூப்பிட்டு வச்சு அழுத்திச் சொன்னாங்க, "சார், நீங்கதான் தீனி போட்டு வளத்திருக்கீங்க"ன்னு. அவுக மொகம் செத்துப் போச்சு. பாவம், சாம்பார் வாளிப் பக்கத்துல நின்னுக்கிட்டு அம்புட்டு பாசமாப் பொய் சொன்ன மனுசன்.

ஆனா ஒண்ணு, அவுகளுக்கு அந்த வசனம் பிடிச்சுப் போச்சு. எதுக்கெடுத்தாலும் அதுதான். "ஏங்க, காய்கறி வாங்கிட்டு வந்தீகளா?" "வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருக்கலாம்." நான் விடுவனா? "கோமதி, கொழம்புல உப்பு போட்டியா?" "போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம்." போடலதான், அது வேற விசயம். எம்மக காலேஜ் ஹாஸ்டல்லேர்ந்து போன் பண்ணி "வீட்டுல ஒரு ஆளாவது ஒழுங்காப் பதில் சொல்லுங்களேன்"னு கத்துனா.

இப்பல்லாம் நான் சுத்தமா நிறுத்திட்டேன். யார்ட்டயும் ஒண்ணும் கேக்கதில்ல. நீயே பாக்கேல்லா, இம்புட்டு நேரமாப் பேசுதேன், ஒங்கிட்ட ஏதாவது கேட்டனா? கேக்கலல்லா?

பனவடலி தாண்டிட்டா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். சீக்கிரம் முடிக்கேன்.

இன்னைக்கு சிந்துஜாவுக்கு தாலி பிரிச்சுக் கோக்குத நாள். புதுக் கயிறு கழுத்துல ஏறுனாத்தான் பழைய கயிறு எறங்கணும், கழுத்து வெறுமையா இருக்கப்புடாது. தம்பி போன் பண்ணுனான், "அக்கா, நீதான் வந்து முடிச்சுப் போடணும்"னு. "அவ சொன்னாளா?"ன்னேன். "மொறதான"ன்னான். அதுலயே தெரிஞ்சு போச்சு, அவ சொல்லல.

ஒங்கிட்ட மறைக்க என்ன, நான் இன்னைக்குப் போனது மொறைக்காக மட்டும் இல்ல. பழைய கயிறு எறங்குதுல்லா? அது கைக்கு வரும்லா? அத வாங்கிக்கிட்டுப் பின்னால கிணத்தடிக்குப் போயி, ஊசிய வச்சு ஒவ்வொரு முடிச்சாப் பிரிச்சுப் பாத்துட்டா, சாவுத வரைக்கும் தீந்துச்சு. எம்மக பள்ளிக்கூடத்துக்கு வாங்குன பூதக்கண்ணாடிகூட பையில வச்சிருந்தேன். டாக்டரம்மாட்ட சொல்லல. சொன்னா விடமாட்டாங்க. இன்னைய விட்டா அந்தக் கயிறு போனது போனதுதான், பிறகு சாமியே வந்தாலும் எண்ண முடியாது.

போனேன். சிந்துஜா "வாங்க மதினி"ன்னா, அவ்வளவுதான். மொகத்தப் பாக்கல. எங்க சின்ன அத்ததான் முன்ன நின்னு எல்லாம் பாத்தா. மணையில கிழக்கப் பாத்து உக்கார வச்சாக. நான் பின்னால மண்டி போட்டேன். புதுக் கயித்த எங்கிட்ட குடுத்தாக. நான் கண்ண அந்த முடிச்சுலயே வச்சேன். கொண்ட ஊசி நழுவுனாலும் பாக்கமாட்டேன், வீடே இடிஞ்சு விழுந்தாலும் பாக்கமாட்டேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு மொத முடிச்சு போட்டேன். இறுக்கி ரெண்டாவதும் போட்டேன்.

அப்ப அவ மெதுவா, எனக்கு மட்டும் கேக்குத மாதிரி, "மதினி"ன்னா.

மூணு மாசத்துக்கப்பறம் அவளா ஒரு பேச்சு எடுக்கா. "என்னட்டி?"ன்னேன். "ரெண்டு மாசமா நாள் தள்ளிப் போயிருக்கு. செவ்வாய்க்கெழம ஸ்கேனு. ஒங்க தம்பியத் தவிர யார்ட்டயும் இன்னும் சொல்லல. எனக்கு ரொம்ப பயமா இருக்கு மதினி. எல்லாம் நல்லபடியா இருக்கும்லா?"ங்கா.

என்னப் பாத்து! என்ன யாரும் இதுவரைக்கும் அப்படிக் கேட்டதில்ல தாயி. நான்தான் எல்லார்ட்டயும் கேப்பேன். எவ பதிலயும் நம்பாத எங்கிட்ட வந்து ஒருத்தி பதில் கேக்குதா. "இருக்கும் கண்ணு"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. ஆனா எனக்குத் தெரியும்லா அந்த வார்த்த எம்புட்டு நேரம் தாங்கும்னு? செவ்வாய்க்கெழம வரைக்கும் தாங்காது. காலையில வச்ச பொட்டு மாதிரி சாயங்காலம் அழிஞ்சிரும், தனியாக் கிடந்து திரும்ப பயப்படுவா. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்"னு சொல்லவா? அவுகட்ட வேணா சொல்லலாம், தாயில்லாப் பிள்ளட்டயா சொல்லது?

பதறுனா எனக்குச் சத்தம் கூடிரும். "எனக்குத் தெரியலட்டி! ஆனா ஸ்கேனுக்கு நான் ஒங்கூட வாரேன்! உள்ள விடலன்னா வெளிய பெஞ்சில உக்காந்திருப்பேன்! எம்புட்டு நேரமானாலும் உக்காந்திருப்பேன்!"னு கத்திட்டேன்.

வீடே திரும்பிப் பாக்குது. சின்ன அத்த, "நல்ல நாளும் அதுவுமா மணையில இருக்க பிள்ளட்ட என்னட்டி தெரியல தெரியலங்குத, கூறுகெட்டவளே!"ன்னு ஆரம்பிச்சவ, நடுவுல நிறுத்துனா. "என்ன ஸ்கேனு?"ன்னா. ஐயோன்னு நான் வாயப் பொத்துனேன். பொத்தி என்ன செய்ய? தம்பி மொகத்துல அப்படியே எழுதி ஒட்டியிருக்கு. ஒருத்தி கொலவ போட்டா, இன்னொருத்தி சீனி டப்பாவ எடுத்துட்டு ஓடி வந்தா, சிந்துஜாவோட அப்பா ஒரு மூலையில நின்னு துண்டால கண்ணத் தொடைக்காரு. மூணு மாசம் முடியாம வெளிய சொல்லப்புடாதுன்னு அந்தப் பிள்ள பொத்திப் பொத்தி வச்சிருந்தத நான் தெருவுக்கே சொல்லிட்டேன். இனி இந்த வாசப்படிய மிதிக்க முடியாதுன்னு நெனச்சேன். தோள் குலுங்குது அவளுக்கு. அழுகாளோன்னு நெனச்சு எட்டிப் பாத்தேன். சிரிக்கா! கண்ணுல தண்ணியோட வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. கைய பின்னால நீட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டா. விடவே இல்ல.

பழைய கயிறா? அதக் கேக்கியா? நான் அப்புறமா ஞாபகம் வந்து, "அத்த, பழைய கயிறு எங்க?"ன்னேன். "கிணத்துல போட்டாச்சு"ன்னுட்டா. நான் பக்கத்துலதான் இருந்திருக்கேன். என் கண்ணு முன்னாலதான் எடுத்துட்டுப் போயிருக்கா. நான் சீனி தின்னுக்கிட்டு, செவ்வாய்க்கெழம எந்த பஸ்ஸுக்கு வரணும்னு அவட்ட பேசிக்கிட்டு இருந்திருக்கேன். மனசத் தெடப்படுத்தி நானே வேண்டாம்னு விட்டுட்டேன்னு ஒங்கிட்டச் சொல்லணும்னு ஆசையா இருக்கு. அப்படியில்ல. மறந்துட்டேன். சுத்தமா மறந்துட்டேன். என் வாழ்க்கையில மொத தடவையா ஒரு கிறுக்கு இன்னொரு கிறுக்கத் தோக்கடிச்சிருக்கு. கூறுகெட்டவளா இருந்ததுல ஒரு நன்ம.

கெளம்பும்போது சிந்துஜா வாசல் வரைக்கும் வந்தா. நான் ஒளறிட்டேனே, கோவமான்னு கேக்கணும்னு உதடு துடிச்சது. அவளே கண்டுபிடிச்சு, "கேக்காதீங்க மதினி, பத்து மணிக்கு வந்திருங்க, அது போதும்"ன்னா. அவ சொன்னது, அந்தச் சிரிப்பு, கைய இறுக்கிப் பிடிச்சது எல்லாம் அப்படியே இருக்கு எனக்கு. ஒண்ணுகூட மறக்கல. மொத முடிச்சு போட்டேன், ரெண்டாவது போட்டேன், அவ "மதினி"ன்னு கூப்பிட்டா, நான் கத்துனேன், சீனி வந்தது...

ஏம்மா.

புதுக் கயித்துல மூணாவது முடிச்சு போட்டனா?

இரு. இரு, யோசிக்கேன். அவ என் கையப் பிடிச்சா. கையப் பிடிச்சுக்கிட்டான்னா கையில கயிறு இருந்ததா? அதுக்கு முன்னாடியே... இல்ல, அதுக்கு அப்புறமா... ஐயோ, எனக்குத் தெரியலயே. ஒண்ணுமே தெரியலயே. போன் எங்க, பையிலதான இருக்கு, ஒரு போன் போட்டு, ஒரே ஒரு தடவ...

வேண்டாம். போனு பையிலயே கிடக்கட்டும். ரெண்டா இருந்தாலும் மூணா இருந்தாலும் செவ்வாய்க்கெழம பத்து மணிக்கு நான் அந்த பெஞ்சுல இருக்கணும். அரிக்குது பாத்தியா? அரிக்கட்டும்.

ஏ தாயி, நீ வாயத் தொறக்காத! எனக்குத் தெரியும் நீ என்ன சொல்ல வாரன்னு. மொகத்துலயே தெரியுது, நல்ல பிள்ள நீ, மனசு கேக்காது ஒனக்கு. "போட்டிருப்பீங்க அக்கா"ன்னு சொல்லிராத. நீ சொன்னா நான் நம்பிருவேன், வீடு போய்ச் சேருமுன்ன அது தீந்துரும், பிறகு ஒன்ன எங்கன்னு தேடுவேன்? ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஊரு வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. பேசாம என் பக்கத்துல உக்காந்திரு, போதும்.